அண்ணன் தம்பிக்கு நடுவில் ஒரு நடுவர்

கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நடுவர் சட்டை உங்கள் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. போகும்போது தையற்காரரிடம் கொடுத்து, கால்சட்டையின் பின்பக்கத் தையலை மட்டும் இன்னொரு முறை ஓட்டி வாங்கிவிடுங்கள். திருக்கழுக்குன்றத்தில் ஒரு முறை, கீழே கிடந்தவனின் தோள் தரையில் பட்டுவிட்டதா என்று பார்க்கக் குனிந்தேன். தையல் விட்ட சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. மிச்ச ஆட்டம் முழுக்க மூலைக் கம்பத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டே நடுவர் வேலை பார்த்தேன். மல்லர்கள் இரண்டு பேரும் என் நிலைமை புரிந்து, அந்த மூலைக்கே வந்து சண்டை போட்டார்கள். நம் தொழிலில் அப்படிப்பட்ட நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள்.

எண்ணுவது, விசில் ஊதுவது, ஜெயித்தவன் கையைத் தூக்குவது எல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கு வந்துவிடும். அதை நான் சொல்லித்தரப் போவதில்லை. நாம் நடத்துவது காட்சி மல்யுத்தம். யார் ஜெயிப்பது என்று முன்னாடியே பேசி வைத்திருப்போம். பார்க்க வருகிறவர்களுக்கும் அது பாதி தெரியும். ஆனால் விழுகிற பலகை நிஜம், முறிகிற எலும்பு நிஜம். ஆட்டம் நடக்கும்போது மல்லர்கள் ஒருவரோடு ஒருவர் பேச முடியாது, சனம் பார்க்கும். அதனால் இவன் சொல்வதை அவனிடமும் அவன் சொல்வதை இவனிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது நடுவர்தான். குனிந்து தோளைப் பார்க்கிறார் என்று சனம் நினைக்கும். அவர் அங்கே, "அடுத்தது இடுப்பைப் பிடிக்கச் சொல்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த வேலையில்தான் நான் ஒரு நாள் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், வீட்டுக்கு வீடு கேபிள் வந்து, பையன்களெல்லாம் வெளிநாட்டு மல்யுத்தத்தைப் பார்த்துவிட்டு மெத்தை மேல் குதித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் குழுவில் நிஜமான அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். புதுப்பட்டினம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர்கள். அண்ணன் ஏழுமலை பெரிய உடம்பு, நிதானமான ஆட்டம். பிடித்தால் விடமாட்டார். தம்பி சேகர் ஒல்லி. மூலைக் கம்பத்தின் உச்சியில் ஏறி, அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, கீழே கிடப்பவன் மேல் விழுவான். அந்தக் குதிக்காகவே கல்லூரிப் பையன்கள் ஊரப்பாக்கத்திலிருந்து ரயில் ஏறிச் செங்கல்பட்டு வந்து பார்ப்பார்கள்.

இரண்டு பேரையும் மோதவிட வேண்டும் என்று மேனேஜருக்கு வெகுநாள் ஆசை. வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, எப்போதும் மைக்கில் பேசுவது போலவே பேசுகிற மனிதர். புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் ஆட்டம் என்று முடிவு செய்து, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மாமல்லபுரம் வரை ஊர் ஊராக விளம்பரம் விட்டார். "அப்பா விட்டுப்போன படகுக்காக அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி!" என்று அதில் ஒரு கதை.

அவர்கள் அப்பா படகு வைத்திருந்ததே இல்லை. அடுத்தவர் படகில் போனவர். விளம்பரத்தைக் கேட்டுவிட்டுக் குப்பத்துப் பெரியவர்கள் நாலு பேர் ஏழுமலை வீட்டுக்குப் பஞ்சாயத்து பேச வந்துவிட்டார்கள். "படகு எங்க கீதுன்னு மொதல்ல காட்டு, அப்பால பாகம் பிரிக்கலாம்" என்று வாசலில் உட்கார்ந்துகொண்டார்களாம். ஏழுமலையின் மனைவி மேகலா டீ கொடுத்து அனுப்பி வைத்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சமயம் அண்ணனும் தம்பியும் நிஜமாகவே பேசிக்கொள்வதில்லை. விளம்பரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஏழுமலை மேனேஜரிடம் போய், "தம்பி இனிமே கம்பத்து மேலேருந்து குதிக்க வேணாம். அத்த எட்த்துடுங்க" என்று சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. மேனேஜர் நேராகச் சேகரிடம் வந்து, "உங்க அண்ணன் உன் குதியை நிறுத்தச் சொல்கிறார்" என்று போட்டுவிட்டார். தன் குதிக்குத்தான் கைதட்டல், அதைப் பார்த்து அண்ணனுக்குப் பொறாமை என்று சேகர் நினைத்துக்கொண்டான். ஒரே வீடு, ஒரே சோற்றுப்பானை. "அவர சாப்ட சொல்லுங்க அண்ணி" என்று இவனும், "அவன் கைல கதவ சாத்தினு போவச் சொல்லு" என்று அவரும் மேகலா வழியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தன்று அந்த வேலை எனக்கு வந்தது.

சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. முன்னால் நாற்காலிகளில் அணுமின் நிலைய டவுன்ஷிப் குடும்பங்கள். அவர்களுக்குப் பின்னால் தரையில் குப்பத்துச் சனம். மதில் மேல் பையன்கள். பெரும்பாலும் பெண்கள் அண்ணன் கட்சி, பையன்கள் தம்பி கட்சி. பேசி வைத்தது இதுதான்: சேகர் குதிக்கக் கூடாது. ஏழுமலையின் பிடியில் மாட்டித் தோற்க வேண்டும். பிறகு இரண்டு பேரும் கை கொடுத்துக்கொள்ள வேண்டும்.

மணி அடித்ததும் ஏழுமலை தம்பியின் கழுத்தைக் கக்கத்தில் பிடித்தார். நான் குனிந்தேன்.

"அண்ணாத்த," என்றான் சேகர், கக்கத்துக்குள்ளிருந்து. "அந்தாளு கைல சொல்லு. நா இன்னா மண்பானையா? இறுக்கிப் புடிக்கச் சொல்லு."

ஏழுமலையைப் பார்த்தேன். உண்மையில் கை சும்மாதான் இருந்தது. ஒரு துண்டைப் போட்டது போலக் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது.

"இறுக்க முடியாதுன்னு சொல்லு" என்றார் அவர்.

சேகரிடம் குனிந்து, "பார்க்கலாம்னு சொல்றாரு" என்றேன்.

"மேனேஜர் கைல போய் என்னப் போட்டுக் குட்த்தாரே, அது ஏன்னு கேளு!"

நிமிர்ந்து ஏழுமலையிடம், "தம்பி கொஞ்சம் வருத்தமா கீறான்" என்றேன்.

கவனியுங்கள். இரண்டு தடவையும் நான் சேதியை அப்படியே கொண்டுபோகவில்லை, கூர்மையைக் கொஞ்சம் மழுக்கிக் கொடுத்தேன். உங்களுக்கும் அந்தப் பழக்கம் வர வேண்டும். கோபத்தில் சொன்னதைச் சொன்ன மாதிரியே கொண்டுபோய்க் கொடுத்தால் ஆட்டம் சந்தைச் சண்டையாகிவிடும். ஆனால் அன்றைக்கு என் மழுக்கல் போதவில்லை. ஏழுமலை தம்பியைத் தூக்க வேண்டிய இடத்தில் தூக்கவில்லை, எறிய வேண்டிய இடத்தில் எறியவில்லை. பூ வைத்த தட்டைப் போல அவனைக் கையாண்டார். சனத்துக்குப் பொறுமை போயிற்று.

"இன்னாடா, மால மாத்திகினு கீறீங்களா?" என்று மதில் மேலிருந்து ஒரு குரல். மைதானமே சிரித்தது.

சேகரின் முகம் கறுத்துவிட்டது. சொந்த ஊர். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்களெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். கக்கத்திலிருந்து விடுவித்துக்கொண்டு அண்ணனின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான்.

நம் தொழிலில் பொய் அடிக்குத்தான் சத்தம் அதிகம். அடிக்கும்போதே காலால் பலகையை உதைப்போம், அந்தச் சத்தம் அது. சேகர் காலை உதைக்கவில்லை. சின்னச் சத்தம்தான் கேட்டது. ஏழுமலையின் கன்னத்தில் விரல்கள் நாலும் பதிந்திருந்தன. சனம் ஓவென்று கத்தியது. பணம் போட்டு வந்தவர்களுக்கு அப்போதுதான் ஆட்டம் ஆரம்பித்தது.

மேனேஜரைப் பார்த்தேன். நடத்து, நடத்து என்று கையைச் சுழற்றினார். மணி அடிக்கிற சுத்தியலை மேஜைக்காரரிடமிருந்து வாங்கித் தன் கையிலேயே வைத்துக்கொண்டுவிட்டார், நான் நிறுத்திவிடுவேனோ என்ற பயத்தில்.

இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து பிரித்தேன். ஏழுமலை மூச்சிரைத்தபடி என் காதில் சொன்னார்: "அவனுக்கு வெரலு மரத்துப் போவுது அண்ணாத்த. மதுராந்தகத்துல கழுத்து மடங்கி வுய்ந்தான் இல்ல? அப்பலேர்ந்து. வூட்ல டீ டம்ளரு கைலேர்ந்து தானா நய்வி வுய்ந்துச்சு. எவனுக்கும் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறான்."

"மேனேஜர்கிட்ட இத சொல்லலையா?"

"சொன்னா வேலய வுட்டு தூக்கிடுவாரே. அதான் குதிக்க வேணான்னு மட்டும் சொன்னேன்."

இப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சேகரிடம் போய் எச்சரிக்கை கொடுப்பது போல இரண்டு கைகளையும் பிடித்தேன். "அழுத்துடா" என்றேன். இடது கை என் விரலை நொறுக்கியது. வலது கை ஈரத் துணி மாதிரி கிடந்தது.

சேகர் என் கண்ணைப் பார்த்தான். "சொல்லாத அண்ணாத்த" என்றான். அவன் குரலில் அப்போது கோபமே இல்லை. அடுத்த கணம் என்னை ஒதுக்கிவிட்டு, ஓடிப்போய் அண்ணனின் காலை வாரினான். ஏழுமலை மல்லாந்து விழுந்தார். சேகர் மூலைக் கம்பத்தை நோக்கி நடந்தான்.

"குதி! குதி! குதி!" என்று மதில் ஆடியது.

அவன் ஏறிக்கொண்டிருக்கிறான். கீழே கிடந்த ஏழுமலை, "வேணான்னு சொல்லு அண்ணாத்த, வேணான்னு சொல்லு" என்கிறார், ஆனால் நகரவில்லை. நகர்ந்தால் தம்பி வெறும் பலகையில் விழுவான். இந்த மாதிரி நேரத்தில் நடுவருக்கு என்ன இருக்கிறது? மணிச் சுத்தியல் மேனேஜர் கையில். விசில் ஊதினால் அந்தக் கூச்சலில் யார் காதில் விழும்? போய்க் காலைப் பிடித்து இழுத்தால் நானே அவனைத் தள்ளிவிட்டது போலாகும். யோசிக்க நேரமும் இல்லை.

"ஐயோ, என் முட்டி!" என்று கத்திக்கொண்டு ஏழுமலை மேல் குறுக்கே விழுந்தேன்.

மைதானம் வெடித்துச் சிரித்தது. எனக்குக் கீழே ஏழுமலை, "இன்னா பண்ற?" என்றார். "பேசாம படு" என்றேன். மேலே உச்சியில் நின்றுகொண்டு சேகர் கைகளை விரித்தான். குதிக்கிற இடத்தில் நடுவர் கிடக்கிறார். நடுவர் மேல் குதித்தால் ஆட்டம் போச்சு, நடுவரும் போச்சு.

"எய்ந்துரு அண்ணாத்த! மானம் போவுது!"

"எய்ந்துக்க முடியல சேகரு! முட்டி புடிச்சிகிச்சு! நீ எறங்கி வந்து என்னத் தூக்கி வுடு!"

பையன்கள் என்னைத் திட்டினார்கள், இங்கே சொல்ல முடியாத வார்த்தைகள். வேறு வழியில்லாமல் சேகர் இறங்கத் திரும்பி, வலது கையால் மேல் கயிற்றைப் பிடித்தான். பிடித்ததாக நினைத்தான். விரல்கள் மடங்கவில்லை.

நான் அதைப் பார்ப்பதற்குள் ஏழுமலை பார்த்துவிட்டார். என்னை அரிசி மூட்டையைத் தள்ளுவது போலத் தள்ளிவிட்டு எழுந்து பாய்ந்தார். நான் உருண்டுபோய்க் கம்பத்தில் மோதினேன். அதுவரை பொய்யாகப் பிடித்திருந்த முட்டி அப்போது நிஜமாகவே பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால், சேகர் அண்ணனின் இரண்டு கைகளிலும் மல்லாந்து கிடக்கிறான். ஒரு கை முழங்காலுக்குக் கீழே, ஒரு கை பின்கழுத்துக்கு.

இது ஏதோ புதுப் பிடி என்று நினைத்து மைதானமே எழுந்து கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில், பத்து நாளைக்கும் மேல் பேசாத இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் கிடந்ததால் எனக்கு மட்டும் கேட்டது.

"கை மரக்குதா?"

"எறக்கி வுடு."

"மரக்குதா இல்லியா, அத்த சொல்லு நைனா."

சேகர் வானத்தைப் பார்த்தான். "மரக்குது" என்றான். பிறகு, "உனுக்கு எப்டித் தெரியும்?"

"டம்ளரு வுய்ந்தப்போ நானும் வூட்லதான் இருந்தேன்."

"அப்போ ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்."

ஏழுமலை தம்பியைக் கீழே வைக்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டே வளையத்தின் ஓரத்துக்கு வந்தார். நான் நொண்டிப் போய்க் கீழ்க் கயிற்றை மிதித்து, மேல் கயிற்றைத் தோளால் தூக்கி வழி செய்து கொடுத்தேன். படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கி, சனத்துக்கு நடுவில் புகுந்து, மைதானத்து ஓரத்தில் நின்ற எங்கள் வேனைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

கைதட்டல் மெதுவாக நின்றது. "எங்க போறானுங்க?" என்று ஒருவர். "யார் ஜெயிச்சது?" என்று இன்னொருவர். அந்தக் கேள்வி மைதானம் பூராவும் பரவியது. தம்பி கட்சி நாற்காலியைத் தூக்கியது. அண்ணன் கட்சிப் பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். மேனேஜர் வளையத்து விளிம்பில் வந்து, "யோவ், ஏதாவது சொல்லுய்யா! பேஜாராயிடும்யா!" என்று பல்லைக் கடித்தார். அதோடு மைக்கையும் என் கையில் திணித்துவிட்டார்.

இரண்டு பேரும் வெளியே போய்விட்டார்கள். சமம் என்று சொன்னால் இரண்டு கட்சியும் சேர்ந்து என்னை உதைக்கும். அண்ணன் ஜெயித்தார் என்றால் பையன்கள் விடமாட்டார்கள். எனக்கு அந்த நேரத்தில் தெரிந்தது ஒரே ஒரு விதிதான். வளையத்துக்கு வெளியே கால் வைத்தவன், பத்து எண்ணுவதற்குள் திரும்பி வராவிட்டால் அவுட். மைக்கில் எண்ண ஆரம்பித்தேன். சனமும் கூடச் சேர்ந்து எண்ணியது. எண்ணுகிற கூட்டம் நாற்காலியை எறியாது, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து சொல்லும்போது ஏழுமலை வேன் கதவை முழங்கையால் திறந்துகொண்டிருந்தார்.

"ஏழுமலை அவுட்!" என்றேன். "ஜெயித்தது சேகர்!"

பையன்கள் குதித்தார்கள். ஆனால் அண்ணன் கட்சி சும்மா விடுமா? "தம்பியுந்தானே வெளிய போயிகினு கீறான்?" என்று கூச்சல்.

"போயிருக்கலாம். ஆனா கால் வெச்சானா? அவன் காலு தரையில பட்டத பார்த்தவங்க யாராவது இருந்தா மேல வாங்க."

ஒருவரும் வரவில்லை. முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு டவுன்ஷிப் அதிகாரி மட்டும் எழுந்து, "சார், இது ரூல் புக்கில் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இருக்கு சார்" என்றேன். எங்களிடம் ரூல் புக் என்று ஒன்று இருந்ததே இல்லை. அவர் திருப்தியாக உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் கட்சியிலேயே இருந்த ஒரு மீன்கார அம்மாதான் முடித்து வைத்தாள். எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "காலு படலம்மா! நா என் கண்ணால பாத்தேன். அண்ணங்காரன் கைலேயேதான் போனான். நாயத்த நாயமா சொல்லணும்!"

சனம் கலைந்து போயிற்று. நாற்காலி ஒன்றுகூட உடையவில்லை.

அதற்குப் பிறகு சேகர் கம்பத்தில் ஏறவே இல்லை. விரல்களுக்கு உணர்வு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. நாலைந்து வருடம் தரையில் மட்டுமே ஆடினான். அண்ணன் மாதிரியே பிடித்தால் விடாத ஆட்டம். இப்போது மாமல்லபுரம் போகிற வழியில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கிறான். ஏழுமலை காலையில் போய்த் திறந்து கொடுக்கிறார். மேனேஜர் அன்றைக்கு என்னிடம் கோபமாகத்தான் இருந்தார். ஆனால் மறுவாரம் எல்லா ஊரிலும் "நடுவர் விழுகிற அந்த அயிட்டம் உண்டா?" என்று கேட்கிறார்கள் என்று சொல்லி, என்னைத் தினமும் விழச் சொன்னார். முட்டியைக் காட்டி மறுத்துவிட்டேன்.

அன்று ஆட்டம் முடிந்ததும் பஸ் பிடித்து, வேன் அவர்களைக் கொண்டுபோன செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு நொண்டிக்கொண்டே போனேன். கழுத்தில் ஒரு நரம்பு அழுந்தியிருக்கிறது, இன்னொரு முறை விழுந்திருந்தால் கையோடு நின்றிருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சேகர் கழுத்துப்பட்டையோடு கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். ஏழுமலை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் விரல் அடையாளம் இன்னும் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தீர்ப்பைச் சொன்னேன்.

"இன்னா நாயம் இது?" என்றார். "தூக்கினு போனவன் தோத்துட்டான். கைல படுத்துகினு போனவன் ஜெயிச்சிட்டானா?"

"ஆமா."

"வழில எங்கனா எறக்கி வுட்டிருந்தா?"

"அவனும் அவுட். டிராதான்."

அவர் தன் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தார்.

"செம வெய்ட்டு அண்ணாத்த" என்றார். "வேன் கிட்ட போறதுக்குள்ள ரெண்டு தபா எறக்கி வெச்சிட்டு மூச்சு வுடலாமான்னு தோணுச்சு."

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் திறந்து, தம்பி தூங்குவதைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"நல்ல வேள," என்றார், "எறக்கல."